வெப்பக் காப்பு நடை

தீயணைப்புத் துறை பேண்டில் ஒருவர் வெயிலில் மயங்கி விழுந்தால் அதற்காக யாரும் கூட்டம் போட மாட்டார்கள். வருஷா வருஷம் யாராவது விழத்தான் செய்வார்கள். பின்வரிசை ஆட்கள் அவரை இழுத்துப்போய்த் தீயணைப்பு வண்டியின் நிழலில் போடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து, தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஆனால் போன வருஷம் டிரம்பெட்காரர் ஒருவர் விழக் கூடாத இடத்தில் விழுந்து தொலைத்தார். நேரே முன்பக்கமாகச் சாய்ந்து, சிறப்பு விருந்தினரின் பூட்ஸ் மேல் டிரம்பெட்டோடு போய் விழுந்தார். காலடியில் என்னவோ பளபளவென்று வந்து விழவும், விருந்தினர் அலறியடித்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறி நின்றார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம்தான்.

படம் மட்டும் வராமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. படம் வந்ததால் வெப்பநலக் காப்புக் குழு என்று ஒன்று பிறந்தது.

குழு கூடிய இடம் தலைமை அலுவலகத்தின் குளிர்சாதன அறை. குளிர் தாங்காமல் உறுப்பினர்கள் தேநீரைச் சூடாக வரவழைத்து, கோப்பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, வெயிலின் கொடுமையைப் பற்றி மனம் உருகிப் பேசினார்கள். ஒரு டாக்டரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் மனுஷன் விவரம் தெரியாமல் பட்டென்று பேசிவிட்டார்.

“கம்பளிக் கோட்டை மாத்துங்க. தண்ணி குடுங்க. நிழல்ல நிக்க வைங்க. உடம்புக்கு முடியாதவனை அன்னைக்கு விட்டுடுங்க. அவ்வளவுதானே? இதுக்கு எதுக்குக் குழு?”

அடுத்த கூட்டத்திலிருந்து அவருக்கு அழைப்பு போகவில்லை.

துறைத் தலைவரை எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். குழுவுக்கும் அவர்தான் தலைவர். தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து அவர் பேசியதைக் கேட்டுச் சில உறுப்பினர்களுக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

“நாம யாரு? நெருப்போட குடும்பம் நடத்துறவங்க. வெயில்னா என்ன? அதுவும் ஒரு நெருப்பு, தூரத்துல எரியுது, அவ்வளவுதான். பக்கத்துல எரியிற நெருப்பையே அணைக்கிறவன், தூரத்துல எரியிற நெருப்புக்கு விழுந்தான்னா பாக்கிறவன் என்ன நினைப்பான்? ஆளு விழுறானேன்னு எனக்கு வருத்தமே இல்லை. மனுஷன்னா விழத்தான் செய்வான். விழுறது வெளியில தெரியுது பாருங்க, அங்கதான் எனக்கு நெஞ்சு வலிக்குது.”

பெரியவருக்கு நெஞ்சு வலிக்கும்போது குழு சும்மா இருக்குமா? அன்றைக்கே வேலையைத் தொடங்கியது. மயக்கம் என்ற சொல்லைத் துறையிலிருந்தே ஒழித்தார்கள். இனிமேல் அது தற்காலிக ஓய்வு நிலை. விழுதல் என்பது தரை சேர்தல் ஆயிற்று. அத்தோடு வெப்பத்தைக் கண்காணிக்க ஓர் ஆளையும் போடுவதென்று முடிவானது. அந்த ஆள்தான் நம்முடைய கோல்காரர்.

கோல்காரர் என்றால், பேண்டுக்கு முன்னால் வெள்ளிப்பூண் போட்ட நீளமான கோலைச் சுழற்றிக்கொண்டு, தொப்பியில் உயரமான இறகு ஆட, நெஞ்சை நிமிர்த்தி ஒருவர் தன்னந்தனியாக நடப்பாரே, அவர். கோல் மேலே போனால் பேண்டு கிளம்பும். கோலைக் குறுக்கே பிடித்து இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினால் அத்தனை பேரும் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். பெரியவரே தொண்டை கிழியக் கத்தினாலும் நிற்காத பேண்டு, கோல் தூக்கினால் நிற்கும். வீட்டில் அவர் சொல்லுக்கு ஒரு டம்ளர்கூட நகராது, அது வேறு விஷயம்.

குழுவின் செயலாளர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“இன்னையிலிருந்து நீங்கதான் வெப்பக் கண்காணிப்பாளர். யாருக்காவது முகம் வெளுக்குதா, கால் தள்ளாடுதா, கண் செருகுதான்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கணும்.”

“சார், நான் எல்லாருக்கும் முன்னாடி நடக்கிறவன். அவங்க எல்லாரும் என் முதுகுக்குப் பின்னாடி வர்றாங்க.”

“அதனாலதான்யா உங்களைப் போட்டிருக்கு. முன்னாடி இருக்கிறவருக்குத்தானே எதுவும் முதல்ல தெரியும்?”

“அப்போ திரும்பிப் பாக்கலாமா சார்?”

செயலாளர் திடுக்கிட்டுப் போனார். “அணிவகுப்புல தலையைத் திருப்பினா ஒழுங்கு நடவடிக்கை. இத்தனை வருஷ சர்வீஸ்ல இதுகூடத் தெரியாதா?”

“பின்ன எப்படி சார் பாக்கிறது?”

“கவனமா பாக்கணும்.”

கோல்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார். அவருடைய குழப்பம் எப்படியோ குழுவின் காதுக்கு எட்டி, அதற்கும் ஒரு கூட்டம் போட்டு, பஸ் ஓட்டுநர் பக்கத்தில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு கண்ணாடியை வாங்கிக் கோலின் உச்சியில் திருகி வைத்தார்கள். ஒத்திகையில் கோலை ஒரு சுழற்றுச் சுழற்றினார் பாருங்கள், வெயில் அதில் பட்டுத் தெறித்து நேரே பெரியவரின் கண்ணில் அடித்தது. பெரியவர் கண்ணைப் பொத்திக்கொண்டு படியில் தடுக்கி, நல்ல வேளையாகச் செயலாளர் மேல் சாய்ந்தார். கண்ணாடியை அன்றைக்கே கழற்றிவிட்டார்கள். அதற்குப் பதிலாக, கண்காணிப்பாளர் என்று பார்த்தவுடன் தெரியட்டும் என்று, கம்பளிக் கோட்டின் மேல் கட்டிக்கொள்ள மஞ்சள் நிறத்தில் ஒரு கம்பளிப் பட்டை கொடுத்தார்கள்.

தண்ணீரையும் குழு மறந்துவிடவில்லை. ஆளுக்கு ஒரு பாட்டில் வந்தது. கண்ட நேரத்தில் கண்டபடி குடித்தால் வரிசையின் அழகு என்ன ஆவது? ஆகவே நீரருந்தும் பயிற்சி என்று ஒன்று நடந்தது. முதல் விசிலுக்குப் பாட்டிலை உருவ வேண்டும், அடுத்த விசிலுக்கு மூடியைத் திறக்க வேண்டும், அடுத்ததற்கு நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து வாயில் வைக்க வேண்டும். தண்ணீர் சிந்திச் சீருடை கறைபடும் என்பதால் பாட்டில்கள் எல்லாம் காலி. கொளுத்துகிற வெயிலில் மொத்த பேண்டும் ஒரே நேரத்தில் காலிப் பாட்டிலை அண்ணாந்து பிடித்து மடக் மடக்கென்று காற்றைக் குடித்தது. பந்தலுக்கடியில் இளநீல நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த குழுவினர், இவ்வளவு நேர்த்தியாகத் தண்ணீர் குடிக்கிறவர்களை எங்குமே பார்த்ததில்லை என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

“அத்தான், எனக்கு ஏப்பம் வருது,” என்றான் பெரிய டிரம் அடிக்கிறவன்.

“சும்மா இரு மாப்ளே, பாக்கிறாங்க,” என்று கோல்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பல்லைக் கடித்தார்.

அவன் கோல்காரருடைய மனைவியின் தம்பி. ஊர் சுற்றிக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் விரலால் தாளம் போட்டு அக்காவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவனைப் பேண்டில் சேர்த்துவிட்டதே இவர்தான். பெரிய டிரம்மை நெஞ்சில் கட்டிவிட்டால் அவனுக்குத் தன் கால்கூடத் தெரியாது. முன்னால் போகிறவர்களின் தொப்பி மட்டும்தான் தெரியும். ஆனால் அவன் அடிக்கிற அடிக்குத்தான் அத்தனை பேருடைய இடது காலும் தரையில் விழும். திரும்பிப் பார்க்க முடியாத கோல்காரருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சொல்வதும் அந்த அடிதான். ஆள் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறானா, யார் மேலாவது கோபமா, காலையில் சாப்பிட்டானா இல்லையா எல்லாம் அந்தச் சத்தத்திலேயே இவருக்குத் தெரிந்துவிடும். குழு வாங்கிக் கொடுத்த கண்ணாடியெல்லாம் இவருக்குத் தேவையே இல்லை.

அணிவகுப்பு நாள் வந்தது. அன்றைக்குக் காலையில் கோல்காரர் சமையலறையில் நின்றபடியே காபியைக் குடித்துக்கொண்டிருந்தபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“ரெண்டு நாளா காய்ச்சல்ல கிடந்தான். நேத்து ராத்திரி ஒரு வாய் சாப்பிடலை. அவனை இன்னைக்கு விட்டுடுங்களேன்.”

“நான் எப்படி விடறது?”

“நீங்கதானே அதுக்கு அதிகாரி? மஞ்சப் பட்டையெல்லாம் கட்டிக்கிட்டுப் போறீங்க.”

அவள் சொன்னது சரிதான். உடம்புக்கு முடியாதவரை நிறுத்திவைக்கும் அதிகாரம் வெப்பக் கண்காணிப்பாளருக்கு உண்டு. ஆனால் குழு இன்னொன்றும் சொல்லியிருந்தது. இந்த வருஷம் ஓர் ஆள்கூடக் குறையாமல் பேண்டு முழுசாக நடந்தால்தான் குழுவின் நடவடிக்கைகள் பலித்தன என்று அர்த்தமாம். யாரையாவது நிறுத்திவைத்தால் வெப்பத்துக்குத் துறை பயந்துவிட்டது என்று ஆகிவிடுமாம். முதல்நாள்தான் பெரியவர் கோல்காரரின் தோளில் கை போட்டு, “எல்லாம் நல்லபடியா முடியட்டும், உன்னை நான் மறக்க மாட்டேன்,” என்று சொல்லியிருந்தார். அந்தக் கையின் கனம் இன்னும் தோளில் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுவோம், அது இவருக்குப் பிடித்தும் இருந்தது.

“ஒரு ரவுண்டுதான். நான் பாத்துக்கறேன்,” என்றார்.

தம்பிக்காரன் கோட்டின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். முகம் வாடியிருந்தது. “அக்கா, சும்மா இரேன். நான் வரலைன்னா அத்தான் பேருதான் கெடும்.”

அவர் அப்போதாவது வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, “வா, நேரமாச்சு,” என்றார்.

மைதானத்தில் தீயணைப்பு வண்டிகள் துடைத்து மெருகேற்றி வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் வயிறு நிறையத் தண்ணீர். விருந்தினர்களின் செருப்பில் தூசி படக் கூடாதென்று ஒரு வண்டி மேடைக்கு முன்னால் தரையை நனைத்துக்கொண்டிருந்தது. பேண்டு அதையே வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றது. கிளாரினெட்காரர் ஒருவர் மெல்ல நழுவிப்போய், முகம் கழுவக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

“இது அவசரத் தண்ணிங்க,” என்றார் வண்டி ஓட்டுநர். “எங்கேயாவது தீப்பிடிச்சா என்ன பண்றது?”

சிறப்பு விருந்தினர் வரத் தாமதமாயிற்று. வந்தபிறகு பெரியவர் மைக்கைப் பிடித்தார். பேண்டு விறைத்து நின்றது. கம்பளிக் கோட்டு, கழுத்துவரை பொத்தான், மயிர் வைத்த தொப்பி, கையுறை. பந்தலின் நிழலில் நின்றுகொண்டு பெரியவர் வெப்பத்தை வென்ற கதையைச் சொல்லத் தொடங்கினார்.

“இதோ பாருங்க இவங்களை. யார் முகத்திலாவது வேர்வை தெரியுதா? தெரியாது. ஏன்னா முகமே தெரியாத அளவுக்குத் தொப்பியை இறக்கிவிட்டிருக்கோம். அதுதான் திட்டமிடல்! இவங்களைப் பத்தி இந்தத் துறை எவ்வளவு கவலைப்படுதுன்னு நான் விளக்கமா சொல்லணும். அவசரமே இல்லை, இவங்க நிப்பாங்க.”

நின்றார்கள். கவலையின் விளக்கம் முடிவதற்குள் நிழல் இடம் மாறிப் பந்தலின் முன்வரிசை நாற்காலிகளைப் பின்னால் நகர்த்த வேண்டியதாயிற்று.

ஒருவழியாகக் கோல் மேலே போனது. பேண்டு கிளம்பியது.

மைதானத்தின் முதல் திருப்பம்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திருப்பத்தைத் தாண்டி மேடையை நோக்கி நடக்கும்போது கோல்காரருக்குக் காதில் என்னவோ உறுத்தியது. பெரிய டிரம்மின் அடி ஓர் இழை பிந்தி விழுந்தது. பையன் விளையாடுகிறான் என்று நினைத்தார். அடுத்த அடியும் பிந்தியது. அதற்கடுத்தது பிந்தியதோடு தோலின் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்தது. அது விளையாட்டில்லை. குச்சியைத் தூக்கவே கை யோசிக்கிறது என்று அவருக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது.

கோலைக் குறுக்கே பிடித்துத் தூக்கினால் போதும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் எதிரே மேடை. பெரியவர் விருந்தினரின் காதருகே குனிந்து இவரைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். விருந்தினர் தலையாட்டினார். பேண்டுக்காரர்களுக்கென்று ஒரு பழக்கம் உண்டு, கூட இருக்கிறவன் சறுக்கினால் வெளியில் தெரியாமல் சமாளித்துவிடுவார்கள். யாராவது ஒரு சுரத்தைத் தவறவிட்டால் பக்கத்திலிருப்பவன் எடுத்துக்கொள்வான். அதைப் பெரிய தர்மமாகவே நினைப்பார்கள். கோல்காரரும் சமாளித்தார். கோலைத் தூக்கவில்லை. டிரம் பிந்துகிற அளவுக்குத் தன் நடையைப் பிந்த வைத்தார். அவர் காலைப் பார்த்து முன்வரிசை மெதுவாயிற்று, முன்வரிசையைப் பார்த்துப் பின்வரிசை. தப்பிக்கொண்டிருந்த அடி சரியான அடியாகிவிட்டது. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அடி இன்னும் பிந்தியது. இவர் இன்னும் மெதுவாக நடந்தார். மேடைக்கு நேர் எதிரே ஓர் அடி விழவேயில்லை. அந்த வெற்றிடத்தில் இவர் கால் ஒரு கணம் அந்தரத்தில் நின்று, பிறகு இறங்கியது. மொத்த பேண்டும் அப்படியே காலை அந்தரத்தில் நிறுத்தி இறக்கியது. பந்தலில் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

மேடையைத் தாண்டிய பிறகு பின்னாலிருந்து பெரிய டிரம் தரையில் மோதிய சத்தம் கேட்டது. சின்ன டிரம்காரர்கள் உடனே தாளத்தை எடுத்துக்கொண்டார்கள். கோல்காரர் திரும்பவில்லை. மைதானத்தின் கோடிவரை நடந்து, முறைப்படி பேண்டைக் கலைத்துவிட்டு, அதன்பிறகுதான் ஓடினார்.

பையன் பிழைத்துக்கொண்டான். பல நாள் நினைவில்லாமல் கிடந்து, சிறுநீரகம் படுத்தி, ஒருவழியாகக் கண் விழித்தான். ஆனால் வெயிலின் சூடு தலைக்குள் எதையோ கெடுத்துவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் கை ஒரு கணம் கழித்துத்தான் புறப்பட்டது. எடுக்கும்போதும் குறி தப்பியது. நாளாக ஆகக் கொஞ்சம் தேறலாம், முழுசாகத் தேறுமென்று சொல்ல முடியாது, இனிமேல் டிரம் வாசிக்கிற யோசனை வேண்டாம் என்றார்கள்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் மனைவி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். “உங்களுக்குத் தெரியலையா?”

“நான் முன்னாடி போறவன். எனக்கு முதுகுல கண்ணா இருக்கு?”

அவள் நம்பிவிட்டாள். அதுதான் அவரைத் தின்றது. சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, ஆனாலும் அதைவிடப் பெரிய பொய்யை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பரிமாறும்போதெல்லாம் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் தானாகவே குழுவின் முன்னால் போய் நின்றார். அதே குளிர் அறை, அதே தேநீர்.

“சார், அன்னைக்கு எனக்குத் தெரியும். அடி தப்பினது எனக்குக் கேட்டுச்சு. நான் நிறுத்தலை. எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க.”

குழு சங்கடத்தோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. செயலாளர் மெதுவாகக் கேட்டார்.

“முகம் வெளுத்ததைப் பாத்தீங்களா?”

“இல்ல சார். கேட்டுச்சு.”

“கால் தள்ளாடினதை? கண் செருகினதை?”

“எதையும் பாக்கலை சார், கேட்டுச்சுன்னு சொல்றேனே!”

“பாருங்க, நாங்க ஒத்துக்கிட்ட அறிகுறி எல்லாம் கண்ணால பாக்கிறது. காதால கேக்கிற அறிகுறின்னு ஒண்ணு இல்லவே இல்லை. சத்தம் சம்பந்தப்பட்டது எல்லாம் பேண்டு மாஸ்டர் பொறுப்பு. அதுவும் போக, உங்க மச்சினர் தரை சேர்ந்தது மேடையைத் தாண்டின பிறகு. மேடையைத் தாண்டிட்டா அணிவகுப்பு முடிஞ்சதுன்னு அர்த்தம். அப்புறம் நடந்தது அவரோட சொந்த விஷயம். நீங்க ஏன் வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்கிறீங்க?”

“நான் தூக்கியிருந்தா அவன் நல்லா இருந்திருப்பான் சார்!”

பெரியவர் எழுந்து வந்து மறுபடியும் அவர் தோளில் கை போட்டார். “இந்தத் தன்னடக்கம்தான்யா உன்கிட்ட எனக்குப் பிடிச்சது. அன்னைக்கு நடந்தியே ஒரு நடை! விருந்தினர் என்ன சொன்னாரு தெரியுமா? இப்படி ஒரு கம்பீரத்தை வாழ்க்கையில பாத்ததில்லைன்னாரு. நானும் யோசிச்சேன். மெதுவா நடந்தா உடம்புல சூடு குறையும், இல்லையா? ஆகவே அதுதான் இனிமே நம்ம வெப்பக் காப்பு நடை. எல்லா ஊர் பேண்டுக்கும் இதைத்தான் அனுப்பப் போறோம்.”

திட்டு வாங்கப் போனவர் பாராட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார். ஒரு மனுஷனை இதைவிடக் கேவலமாகத் தண்டிக்க முடியுமா? அந்தக் குழுவுக்கு மட்டும் அது தெரியாது.

பேண்டு மாஸ்டர் அணிவகுப்பை எடுத்திருந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, அன்றைய அடிகளை அப்படியே சுரக்குறிப்பாக எழுதினார். எங்கெங்கே பிந்துகிறது, எவ்வளவு பிந்துகிறது, எங்கே ஓரத்தில் விழுகிறது, எங்கே விழவேயில்லை என்று ஒன்றுவிடாமல். பெரிய டிரம்முக்குப் புதிதாக ஓர் ஆள் வந்தார். நல்ல கைகாரர், அவரால் தப்பாக அடிக்கவே முடியவில்லை. சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைக் கோல்காரர் தலையிலேயே கட்டினார்கள்.

“இன்னும் லேட்டா,” என்பார் கோல்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு. “இன்னும் கொஞ்சம். கையில பலமே இல்லாத மாதிரி. ம்... இங்க ஒரு அடி விட்டுடுங்க.”

“எதுக்குங்க விடணும்?”

“அது அப்படித்தான்.”

வெப்பக் காப்பு நடையின் தொடக்க விழா அதே மைதானத்தில், அதே உச்சி வெயிலில் நடந்தது. பையனுக்கும் அழைப்பு அனுப்பியிருந்தார்கள். துறை தன் ஆட்களைக் கைவிடாது என்று காட்ட வேண்டாமா! போகாதே என்று கோல்காரர் சொல்லிப்பார்த்தார். பேண்டைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு என்று அவன் பிடிவாதமாகக் கிளம்பிவிட்டான். அக்கா அவனைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து, பந்தலின் ஓரத்தில் மின்விசிறிக்கு அருகில் உட்கார வைத்துக்கொண்டாள்.

கோல் மேலே போனது. திருப்பம்வரை மிடுக்காக நடந்தார்கள். திருப்பத்தைத் தாண்டியதும் டிரம் குறிப்பில் எழுதியிருந்தபடி பிந்தத் தொடங்கியது. பந்தல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரசித்தது. மேடைக்கு எதிரே அந்த அடி விடுபட்டது, மொத்த பேண்டின் காலும் அந்தரத்தில் நின்று இறங்கியது, கைதட்டல் எழுந்தது. கோல்காரர் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தார். பந்தலின் ஓரத்தைப் பார்க்காமலிருக்க அன்றைக்கு அவருக்கு அணிவகுப்பு விதி தேவைப்படவில்லை.

பேண்டைக் கலைத்ததும், போகாமலிருக்கவும் முடியாமல், அவர்களிடம் போனார். மனைவி பாட்டிலைத் திறந்து தம்பிக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். கோபமே இல்லாத முகம்.

“அத்தான், அது என் அடிதானே?”

அவர் தலையை ஆட்டினார்.

“அந்த விட்டுப்போன அடிகூட அப்படியே இருக்கு.” அவன் லேசாகச் சிரித்தான். “அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியலை அத்தான், எல்லாம் மங்கிப்போச்சு. டிரம்முக்கு மேல உங்க தொப்பி இறகு மட்டும் தெரிஞ்சுது. உக்காந்துடலாம்னுதான் இருந்தேன். அப்பப் பாத்தா அந்த இறகு ஆடுறது மெதுவாச்சு. சரி, அத்தானுக்குக் கேட்டுடுச்சு, இதோ கோலைத் தூக்கப் போறாருன்னு நினைச்சேன். நீங்க நிறுத்துறவரைக்கும் விடக் கூடாதுன்னு அடிச்சுக்கிட்டே இருந்தேன்.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மனைவி பாட்டிலை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கேட்டதுபோல அவள் கேட்டிருந்தாலாவது அவர் ஏதாவது சொல்லியிருப்பார்.

அந்த நேரம் பார்த்து மைக் அலறியது. தாமதமாக வந்த மேலிடத்து விருந்தினர் ஒருவருக்காக வெப்பக் காப்பு நடையை இன்னொரு தடவை நடத்திக்காட்டும்படி பெரியவர் அன்போடு உத்தரவிட்டார். கோல்காரரின் கால் பழக்கத்தில் தானாகப் போய் வரிசையின் முன்னால் நின்றுகொண்டது. கோல் மேலே போனது. பேண்டு கிளம்பியது.

திருப்பத்தைத் தாண்டியதும் டிரம்மின் அடி ஓர் இழை பிந்தி விழுந்தது. அடுத்த அடியும் பிந்தியது. கோல்காரர் கோலைக் குறுக்கே பிடித்து, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார்.

பேண்டு நின்றது. எல்லோரும் நல்ல ஆரோக்கியத்தோடு அப்படியே நின்றார்கள். பெரியவர் மேடையிலிருந்து தடதடவென்று இறங்கி வெயிலுக்குள் ஓடிவந்தார்.

“ஏன்யா நிறுத்தினே? யாருக்கு என்ன ஆச்சு?”

“டிரம் அடி பிந்துது சார்.”

“பிந்தித்தானேய்யா அடிக்கணும்! அப்படித்தானே எழுதியிருக்கு!”

கோல்காரர் தூக்கிய கோலை இறக்கவில்லை. கம்பளிக் கோட்டுக்குள் வேர்வை முழங்கைவரை வழிந்தது. முதல்முறையாக அணிவகுப்பின் நடுவில் தலையைத் திருப்பிப் பார்த்தார். பந்தலின் ஓரத்தில் மனைவி தம்பியை எழுப்பி, அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, வாசல் பக்கமாக நடந்துகொண்டிருந்தாள். அவருக்காக அவள் நிற்கவில்லை.